கட்டுப்பாடா, கோளாறா? விளையாட்டுக்குப் புதியவர்களுக்கு ஓர் உணவு வழிகாட்டி

விளையாட்டுக்குள் புதிதாக நுழையும் எவருக்கும் முதல் மாதத்திலேயே சாப்பாட்டைப் பற்றிய அறிவுரைகள் வந்து குவியும். இதைத் தொடாதே, ராத்திரி ஏழு மணிக்கு மேல் வாயைத் திறக்காதே, ரெண்டு கிலோ இறக்கினால் இன்னும் வேகமாக ஓடலாம். சொல்கிறவர் கோச்சாக இருப்பார், சீனியராக இருப்பார், இல்லையென்றால் வயிற்றுத் தசையைக் காட்டியபடி வீடியோ போடும் யாரோ ஒருவராக இருப்பார். அதில் சில உருப்படியானவைதான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வீட்டிலோ அலுவலகத்திலோ ஒருவர் வேளாவேளைக்குச் சாப்பிடாமல் இளைத்துக்கொண்டே போனால், "உடம்புக்கு என்ன?" என்று நாலு பேர் விசாரிப்பார்கள். மைதானத்தில் அதையே செய்பவரைக் காட்டி, "என்ன டெடிகேஷன் பாரு!" என்பார்கள்.

விளையாட்டு வீரர்களிடம் உணவுக் கோளாறு ஆண்டுக்கணக்கில் கண்ணில் படாமல் இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். நோய் அங்கே கட்டுப்பாட்டின் வேஷத்தில் வருகிறது. வேஷத்தைக் கலைத்துப் பார்ப்பது எப்படி, அதற்கு முன்பே சாப்பாட்டோடு சுமுகமாக இருப்பது எப்படி என்பதுதான் இங்கே விஷயம். புதிதாகப் பயிற்சியில் சேர்ந்தவர்கள், அவர்களுடைய பெற்றோர், புதிதாக விசிலைக் கையில் எடுத்த பயிற்சியாளர்கள் எல்லாரையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதல் படி: எவையெல்லாம் கோளாறு என்று தெரிந்துகொள்ளுங்கள்

உணவுக் கோளாறு என்றதும் பலருக்கு எலும்பும் தோலுமான ஓர் உருவம்தான் நினைவுக்கு வரும். அது அனோரெக்சியா என்ற ஒரு வகை. எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போவார்கள். எவ்வளவு மெலிந்தாலும் கண்ணாடியில் குண்டாகவே தெரியும். புலிமியா என்பது இன்னொன்று. ஒரே மூச்சில் அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு, அதை வாந்தியாலோ பேதி மாத்திரையாலோ பட்டினியாலோ வெறித்தனமான உடற்பயிற்சியாலோ ஈடுகட்டப் பார்ப்பார்கள். ஈடுகட்டல் எதுவும் இல்லாமல், கட்டுப்பாடு இழந்து சாப்பிடுவது மட்டும் திரும்பத் திரும்ப நடப்பது மூன்றாவது வகை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல்தான் இதைத் தனி நோயாகப் பட்டியலிட்டது. பின்னால் சொன்ன இரண்டிலும் ஆள் பார்வைக்குச் சாதாரண எடையில், ஏன், அதற்கு மேலும் இருக்கலாம். "அவளைப் பார்த்தால் அப்படித் தெரியலையே" என்ற வாக்கியத்துக்கு அதனால் எந்த மதிப்பும் இல்லை.

புலிமியாவில் 'வெறித்தனமான உடற்பயிற்சி' என்று சொன்னேன் அல்லவா, அதைக் கொஞ்சம் கவனியுங்கள். மற்றவர்களிடம் அது சட்டென்று தெரிந்துவிடும். விளையாட்டு வீரரிடம் அதற்குப் பெயரே 'எக்ஸ்ட்ரா பிராக்டிஸ்'. பயிற்சியாளர் முதுகில் தட்டிக்கொடுப்பார்.

ஆண்களுக்கு இது வராது என்பது இன்னொரு கட்டுக்கதை. மல்யுத்தத்திலும் சைக்கிளிங்கிலும் பசியை அடக்கும் ஆண்கள் ஏராளம். ஜிம் பக்கம் போனால் இதன் தலைகீழ் வடிவம் இருக்கிறது: எவ்வளவு தசை ஏறினாலும் தன்னை ஒல்லிப்பிச்சானாகவே காண்பது. ஒரு வேளை புரோட்டீன் தவறிவிட்டால் நாளே வீணாகிவிட்டதாகத் தவிப்பார்கள். 'சுத்தமான' உணவு மட்டுமே சாப்பிட வேண்டும் என்ற பிடிவாதம் முற்றிப்போவதும் உண்டு. ஸ்டீவன் பிராட்மேன் என்ற அமெரிக்க மருத்துவர் 1997இல் இதற்கு ஆர்த்தோரெக்சியா என்று பெயர் வைத்தார். அதிகாரபூர்வ நோய்ப் பட்டியலில் அது இன்னும் ஏறவில்லை. ஆனால் விளையாட்டு உலகில் கொஞ்ச நாள் இருந்தவர்கள் யாரும், அப்படி ஒருவரைக் கூடப் பார்த்ததில்லை என்று சொல்ல மாட்டார்கள்.

இவை எல்லாவற்றையும் விட அதிகம் காணப்படுவது, நோய் என்று பெயர் வைக்கும் அளவுக்குப் போகாத அரைகுறைச் சிக்கல்கள். வேளையைத் தவிர்ப்பது, சாப்பிட்டதற்குத் தன்னைத் தண்டித்துக்கொள்வது, ஒரு வகை உணவையே பயந்து ஒதுக்குவது. அப்புறம், எந்த மனச்சிக்கலும் இல்லாமலேயே, பயிற்சி எவ்வளவு தின்கிறது என்று தெரியாததால் போதாமல் சாப்பிடுபவர்களும் இருக்கிறார்கள். உடம்புக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. தெரிந்து செய்தாலும் தெரியாமல் செய்தாலும் அடி ஒன்றுதான்.

இரண்டாம் படி: உடம்பின் வரவு செலவைப் புரிந்துகொள்ளுங்கள்

சாப்பாட்டிலிருந்து வரும் ஆற்றலில் முதல் பங்கைப் பயிற்சி எடுத்துக்கொள்கிறது. சம்பளம் வந்ததும் கடன் தவணை பிடித்தம் போவது மாதிரி. மிச்சத்தில்தான் குடும்பம் நடக்க வேண்டும்: இதயம், மூளை, உடல் சூடு, எலும்பு, ஹார்மோன், நோய் எதிர்ப்பு எல்லாம். மிச்சம் பத்தவில்லையென்றால் உடம்பு செலவைச் சுருக்கும். இன்றைக்கு உயிரோடு இருக்க எது அவசியமில்லையோ அதில்தான் முதலில் கை வைக்கும். இனப்பெருக்க ஹார்மோன்கள் குறையும், எலும்பு கட்டும் வேலை நிற்கும், உடல் சூடு தணியும், மனசு சுருங்கும்.

இந்த மிச்சத்தை அளக்க ஒரு கணக்கு உண்டு. ஒரு நாளில் சாப்பிட்ட கலோரியிலிருந்து பயிற்சியில் எரித்ததைக் கழித்து, கொழுப்பு நீங்கலான உடல் எடையால் வகுக்க வேண்டும். 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் கொழுப்பைத் தவிர்த்து 51 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அவர் 2,200 கலோரி சாப்பிட்டு 800 கலோரியைப் பயிற்சியில் செலவழித்தால் மிச்சம் 1,400. கிலோவுக்கு 27 சொச்சம். பெண்களிடம் நடந்த ஆய்வுகளின்படி 45 என்பது வசதியான நிலை, 30க்குக் கீழே போனால் ஹார்மோன்கள் தடுமாறத் தொடங்குகின்றன. ஆண்களுக்கு இந்த எல்லைக்கோடு அவ்வளவு தெளிவாக இல்லை. கவனிக்க வேண்டியது என்னவென்றால், 2,200 கலோரி என்பது பட்டினி இல்லை. மூன்று வேளை தட்டு நிறையத்தான் அவர் சாப்பிடுகிறார். அப்படியும் போதவில்லை.

இந்தக் கணக்கைத் தயவுசெய்து தினமும் போட்டுப் பார்க்காதீர்கள். எப்படி நடக்கிறது என்று புரிவதற்காகத்தான் சொன்னேன். வீட்டில் உட்கார்ந்து இதைத் துல்லியமாக அளக்கவும் முடியாது. உணவுக் கோளாறின் பக்கம் சாய்ந்திருப்பவர் கையில் கொடுத்தால், இந்த எண்ணே இன்னொரு சாட்டையாகிவிடும்.

மருத்துவ உலகம் இதை விளையாட்டுக்காரப் பெண்களின் பிரச்சினையாகத்தான் முதலில் பார்த்தது. அமெரிக்காவில் 1992இல் கூடிய வல்லுநர் குழு, சீர்குலைந்த உணவுப் பழக்கம், மாதவிடாய் நிற்பது, எலும்பு தேய்வது ஆகிய மூன்றையும் ஒன்றாக முடிச்சுப் போட்டது. 2014இல் சர்வதேச ஒலிம்பிக் குழு அதை விரித்தது. மூன்றோடு நிற்கவில்லை, இதயம், செரிமானம், மனநிலை, நோய் எதிர்ப்பு என்று உடம்பு முழுக்கப் பாதிக்கிறது, ஆண்களுக்கும் வருகிறது என்று சொல்லி இதற்கு ரெட்-எஸ் என்று பெயர் வைத்தது. விளையாட்டில் ஏற்படும் ஆற்றல் பற்றாக்குறை என்று பொருள். 2018இலும் 2023இலும் அந்த அறிக்கையைப் புதுப்பித்தார்கள். மருத்துவரிடம் போகும்போது இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பொது மருத்துவர்கள் எல்லாருக்கும் இது பரிச்சயமாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

எல்லாரையும் ஏமாற்றும் ஒரு கட்டம் இதில் உண்டு. எடை இறங்கும் முதல் சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்கள் கூட, நேரம் குறையும், பதக்கம் வரும். "பார்த்தியா, சொன்னேன்ல?" என்பார் கோச். அப்புறம்தான் எலும்பில் விரிசல், தீராத சளி, ஏறாத வேகம். மேரி கெய்ன் என்ற அமெரிக்க ஓட்டக்காரர் 17 வயதில், 2013 உலக சாம்பியன்ஷிப்பில் 1,500 மீட்டர் இறுதிப் போட்டி வரை போனவர். எடையைக் குறைக்கச் சொல்லிக் கொடுத்த நெருக்கடியில் 3 ஆண்டுகள் மாதவிடாய் நின்றுபோனது, 5 எலும்புகள் முறிந்தன என்று 2019இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

மூன்றாம் படி: உங்கள் விளையாட்டில் ஆபத்து எங்கே இருக்கிறது?

எந்த விளையாட்டிலும் வரலாம். சிலவற்றில் வழுக்கிவிழ வாய்ப்பு அதிகம். அழகுக்கும் மதிப்பெண் உள்ளவை: ஜிம்னாஸ்டிக்ஸ், ஃபிகர் ஸ்கேட்டிங், டைவிங். எடைப் பிரிவு உள்ளவை: மல்யுத்தம், குத்துச்சண்டை, ஜூடோ, பளுதூக்குதல். நீண்ட தூரம் தாங்க வேண்டியவை: மாரத்தான், சைக்கிளிங். உடல் எடையைத் தூக்கி மேலே போக வேண்டியவை: உயரம் தாண்டுதல், மலையேற்றம், ஸ்கீ ஜம்பிங்.

அமெரிக்க ஜிம்னாஸ்ட் கிறிஸ்டி ஹென்ரிச் அனோரெக்சியாவால் உறுப்புகள் செயலிழந்து 1994இல் இறந்தபோது அவருக்கு வயது 22. உணவுக் கோளாறு சும்மா ஒரு 'டீன் ஏஜ் கட்டம்' என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். மனநோய்களிலேயே உயிரிழப்பு மிக அதிகமாக இருப்பவற்றில் அனோரெக்சியாவும் ஒன்று.

எடைப் பிரிவு விளையாட்டுகளில் தராசில் ஏறுவதற்கு முன் நீரைக் குறைத்து எடை இறக்குவது சாதாரணம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் இரவெல்லாம் போராடியும் 100 கிராம் கூடுதல் என்று இறுதிப் போட்டியிலிருந்து தகுதி நீக்கம் செய்யப்பட்டது எல்லாருக்கும் தெரியும். எடை இறக்குவது வேறு, உணவுக் கோளாறு வேறு. ஆனால் வளரும் வயதில் பட்டினியும் தாகமும் பயிற்சியின் ஒரு பகுதி என்று பழகிவிட்டால், கோளாறுக்கு அதைவிடத் தோதான நிலம் கிடையாது. 1997இல், ஒரு மாதச் சொச்ச இடைவெளியில், 3 அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் எடை இறக்கும் முயற்சியில் இறந்தார்கள். அதன் பிறகுதான் அங்கே கல்லூரி மல்யுத்தத்தில், உட்கார்ந்து வியர்க்கும் சானா எனும் வெப்ப அறைகளையும் வியர்வைக்கான ரப்பர் உடைகளையும் தடை செய்தார்கள், எடை பார்ப்பதைப் போட்டி நேரத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தார்கள். ஸ்கீ ஜம்பிங்கில் 2004இல் வந்த விதி இன்னும் சாமர்த்தியமானது: உயரத்துக்கு ஏற்ற எடை இல்லாதவர் காலில் குட்டையான ஸ்கீ பலகைகளை மாட்டிக்கொண்டுதான் தாவ வேண்டும். மெலிவதால் கிடைத்த லாபத்தை விதியே பிடுங்கிக்கொண்டது. உங்கள் விளையாட்டில் அப்படி ஏதாவது பாதுகாப்பு விதி இருக்கிறதா என்று சங்கத்தில் விசாரித்து வையுங்கள்.

நான்காம் படி: திட்டம் கலையும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள்

விளையாட்டு வீரர் அளந்து சாப்பிடுவதில் தவறே இல்லை. அப்படியானால் கட்டுப்பாடு எங்கே முடிந்து நோய் எங்கே தொடங்குகிறது? எவ்வளவு சாப்பிடுகிறார் என்பதை வைத்து இதைச் சொல்ல முடியாது. திட்டம் கலையும்போது ஆள் என்ன ஆகிறார் என்பதுதான் நம்பகமான அடையாளம்.

போட்டிக்குப் போன ஊரில் ராத்திரி பஸ் தாமதம், எல்லாரும் வழியில் கிடைத்த இடத்தில் இறங்கிச் சாப்பிடுகிறார்கள் என்று வையுங்கள். கட்டுப்பாடு உள்ளவர், "ச்சே, இன்னிக்கு இதுதானா?" என்று முகத்தைச் சுளித்துவிட்டு இருப்பதில் நல்லதாகப் பார்த்துச் சாப்பிடுவார். பத்து நிமிஷத்தில் மறந்தும் போவார். இன்னொருவர் "பசிக்கலை" என்பார். தட்டு வந்தால் ஓரமாக நகர்த்துவார், சிறு சிறு துண்டாக நறுக்குவார், கிளறுவார், பக்கத்தில் இருப்பவருக்குப் பரிமாறுவார். பேச்சு முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே இருக்கும், வாயில் மட்டும் எதுவும் போகாது. சாப்பிட்டுவிட்டாலோ, அறைக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு உடற்பயிற்சி. வளையக்கூடிய விதி கட்டுப்பாடு. வளைத்தால் ஆளே உடைந்துபோவார் என்றால் அதைக் கவனிக்க வேண்டும்.

நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பாகவே இருப்பது 'மனபலம் இல்லாததால்' என்று பாதிக்கப்பட்டவர்களே நினைத்துக்கொள்வார்கள். 1944-45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் நடத்திய ஆய்வு வேறு கதை சொல்கிறது. உடலும் மனமும் திடமாக இருந்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து 24 வாரங்கள் அரைப்பட்டினி கிடந்தார்கள். கொஞ்ச நாளில் சமையல் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள், ஒரு சாப்பாட்டை மணிக்கணக்காக இழுத்தார்கள், தட்டை நக்கினார்கள், சிடுசிடுத்தார்கள், ஒதுங்கினார்கள். அவர்களில் யாரும் உணவுக் கோளாறோடு வந்தவர்கள் இல்லை. பட்டினியே மூளையை அப்படி ஆக்கிவிடுகிறது. பாதிக்கப்பட்டவரிடம் இதைச் சொன்னால், தன் மேலேயே இருக்கும் வெறுப்பு கொஞ்சம் இறங்கும்.

ஐந்தாம் படி: உடம்பு காட்டும் அறிகுறிகள்

பெண்களுக்கு மாதவிடாய்தான் கையோடு இருக்கும் மிகச் சிறந்த அளவுகோல். 15 வயது வரை வராமல் இருந்தாலோ, வந்துகொண்டிருந்தது 3 மாதம் தொடர்ந்து நின்றாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். "கடுமையாகப் பயிற்சி செய்தால் நிற்கத்தான் செய்யும், அது நல்ல அறிகுறி" என்று இன்னமும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். பச்சைப் பொய். கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும்: மாத்திரை இடைவெளியில் வரும் ரத்தப்போக்கு மாத்திரையால் வருவது. உடம்பு சரியாக இருக்கிறது என்பதற்கு அது சாட்சி இல்லை. எலும்பின் பெரும்பகுதி இருபது வயதையொட்டிக் கட்டி முடிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் இழந்ததைப் பின்னால் முழுசாக மீட்பது கஷ்டம்.

ஆண்களுக்கு இப்படி மாதம் தவறாமல் வரும் அடையாளம் இல்லாததால்தான் அவர்களிடம் இன்னும் தாமதமாகத் தெரிகிறது. டெஸ்டோஸ்டிரோன் குறைவதால் பாலுணர்வு மங்கும், காலையில் வழக்கமாக ஏற்படும் விறைப்பு அரிதாகும். கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம் இது.

இருவருக்கும் பொதுவானவை: திரும்பத் திரும்ப எலும்பில் விரிசல், எப்போதும் குளிர்வது, எழுந்து நின்றால் தலைசுற்றல், மலச்சிக்கல், முடி கொட்டுவது, ஆறாத காயம், தூங்கியும் தீராத அசதி. வாந்தி எடுக்கும் பழக்கம் இருந்தால் விரல் முட்டிகளில் தழும்பு, தாடைக்குக் கீழே வீக்கம், பற்கள் அரிப்பது தெரியலாம். இதில் நாடித்துடிப்பு மட்டும் குழப்பும். நன்றாகப் பயிற்சி பெற்றவருக்கும் துடிப்பு மெதுவாக இருக்கும், பட்டினியிலும் மெதுவாகும். "அத்லெட் ஹார்ட்தான்" என்று நாமே முடிவு கட்டிவிடாமல் இசிஜி எடுத்துப் பார்ப்பது நல்லது.

மருத்துவர்கள் முதல்கட்டமாகக் கேட்கும் 5 கேள்விகள் உண்டு. இங்கிலாந்தில் உருவான இதற்கு ஸ்காஃப் என்று பெயர். வயிறு நிறைந்து சங்கடமானால் நீங்களே வாந்தி எடுக்கிறீர்களா? எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதில் கட்டுப்பாடு போய்விட்டதாகக் கவலைப்படுகிறீர்களா? 3 மாதத்தில் 6 கிலோவுக்கு மேல் குறைந்திருக்கிறீர்களா? ஒல்லியாக இருக்கிறாய் என்று மற்றவர்கள் சொல்லும்போதும் குண்டாக இருப்பதாகவே நம்புகிறீர்களா? உங்கள் வாழ்க்கையைச் சாப்பாடுதான் ஆள்கிறது என்று சொல்வீர்களா? இரண்டுக்கு 'ஆமாம்' என்றால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும் என்று பொருள். நோய் உறுதி என்று பொருள் இல்லை. விளையாட்டு வீரர்கள் மூன்றாவது கேள்விக்கு "அது சீசனுக்காக" என்று தட்டிக்கழிப்பார்கள். தட்டிக்கழிக்க விடாதீர்கள்.

ஆறாம் படி: சாப்பாட்டோடு சுமுகமாக இருக்கப் பழகுங்கள்

பயிற்சியில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே செய்ய வேண்டியது இது.

சாப்பாட்டு நேரத்தையும் பயிற்சி அட்டவணையில் எழுதுங்கள். மூன்று வேளை, நடுவில் இரண்டு மூன்று சிற்றுண்டி. கடுமையான பயிற்சி முடிந்த கையோடு பசியே தெரியாது, அதுதான் வில்லங்கம். "பசித்தால் சாப்பிடு" என்ற பொது விதி அந்த ஒரு மணி நேரத்துக்குப் பொருந்தாது. பசிக்காவிட்டாலும் எதையாவது சாப்பிட வேண்டும். மெல்ல முடியவில்லையென்றால் பாலோ பழச்சாறோ குடித்தாலும் சரி. காலைப் பயிற்சிக்கு வெறும் வயிற்றோடு போவதைப் பெருமையாக நினைக்காதீர்கள். ஒரு வாழைப்பழமாவது உள்ளே போகட்டும்.

மாவுச்சத்தை எதிரியாக்காதீர்கள். தினம் ஒரு மணி நேரம் அளவாகப் பயிற்சி செய்பவருக்கே உடல் எடையில் கிலோவுக்கு 5 முதல் 7 கிராம் மாவுச்சத்து தேவை என்கின்றன விளையாட்டு உணவியல் பரிந்துரைகள்; ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் என்றால் 6 முதல் 10 கிராம். புரதம் 1.2 முதல் 2 கிராம். உடம்பைக் குறைக்க விரும்பும் அலுவலகக்காரருக்காகச் சொன்ன 'லோ கார்ப்' யோசனையை ஓட்டக்காரர் அப்படியே எடுத்துக்கொண்டால் பாதி வழியில் கால் பின்னும்.

காய்கறியும் நார்ச்சத்தும் நல்லதுதான், ஆனால் தட்டு முழுக்க அதுவாகவே இருந்தால் வயிறு நிறையும், ஆற்றல் வராது. 'நல்லா சாப்பிடறேனே!' என்று உண்மையாகவே நம்பிக்கொண்டு பற்றாக்குறையில் விழுபவர்களில் பலர் இந்த வகை. ஓய்வு நாளில் சாப்பாட்டைப் பாதியாக வெட்டாதீர்கள். பழுது பார்க்கும் வேலை நடப்பது அன்றைக்குத்தான். காயம்பட்டுப் படுத்திருக்கும்போதும் அப்படியே. எலும்பு ஒட்டுவதற்கும் ஆற்றல் வேண்டும்.

தின்றதற்குத் தண்டனையாக ஓடாதீர்கள். கேக் சாப்பிட்டதால் நாளைக்குக் கூடுதலாக 5 கிலோமீட்டர் என்று ஒரு தடவை பேரம் பேசிவிட்டால், அந்தப் பேரம் அதோடு நிற்காது. எந்த உணவுக்கும் 'பாவம்' என்று முத்திரை குத்தாமல், எது எப்போது உதவும் என்று மட்டும் யோசிக்கப் பழகினால் போதும். போட்டிக்கு முந்தின இரவு எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். நண்பர் பிறந்தநாளில் தாராளமாகச் சாப்பிடலாம். அவ்வளவுதான் விஷயம்.

கைக்கடிகாரம் காட்டும் 'எரித்த கலோரி' ஓர் ஊகம். அதைப் பார்த்து இரவுச் சாப்பாட்டை முடிவு செய்பவர் என்றால் அந்தச் செயலியை நீக்கிவிடுங்கள். பார்த்து முடித்ததும் உங்கள் உடம்பின் மேல் உங்களுக்கே வெறுப்பு வரவைக்கும் சமூக ஊடகக் கணக்குகளைப் பின்தொடர்வதையும் நிறுத்துங்கள். உண்மையிலேயே எடையை மாற்ற வேண்டிய தேவை வந்தால், சீசன் இல்லாத காலத்தில், விளையாட்டு உணவியல் நிபுணர் ஒருவரின் கண்காணிப்பில், மெதுவாகச் செய்ய வேண்டும்.

ஏழாம் படி: பயிற்சியாளரும் பெற்றோரும் பேச வேண்டிய விதம்

முதலில் பேசக்கூடாதது. எல்லார் முன்னாலும் எடை பார்த்து எண்ணை உரக்க வாசிப்பது, கொழுப்பு அளவைப் பலகையில் ஒட்டுவது, "அவளைப் பாரு, எப்படி டிரிம்மா இருக்கா" என்பது. இவற்றால் யாரும் வேகமானதாகத் தெரியவில்லை. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மருத்துவக் காரணம் இல்லாமல் கொழுப்பு அளவு எடுக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. இளைத்ததைப் பாராட்டுவதும் ஆபத்துதான். எதனால் இளைத்தார் என்று உங்களுக்குத் தெரியாது.

சந்தேகம் வந்தால் தனியாக, அவசரமில்லாத நேரத்தில், எடையை விட்டுவிட்டு நீங்கள் கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள். சாப்பாட்டு மேஜையில் வேண்டாம்.

"கொஞ்ச நாளா பிராக்டிஸ் முடிஞ்சதும் நீ எல்லாரோடயும் சாப்பிட உட்கார்றதில்லம்மா. போன வாரம் தலைசுத்துதுன்னு வேற சொன்ன. எனக்குக் கவலையா இருக்கு."

"ஒண்ணும் இல்ல கோச். நல்லாத்தான் இருக்கேன்."

"சரி, இப்பவே எல்லாம் சொல்லணும்னு இல்ல. ஆனா ஒரு டாக்டரைப் பார்த்துடுவோம். அம்மா வரட்டும், இல்ல நான் வேணும்னாலும் கூட வரேன்."

"டீம்ல இருந்து எடுத்துடுவீங்களா?"

"உன்னை ஒதுக்கறதுக்காக இதைப் பேசல. டாக்டர் கொஞ்ச நாள் ஓய்வுன்னு சொன்னா ஓய்வு எடுக்கணும், அது காலு உடைஞ்சா எடுக்கற மாதிரிதான். உன் இடம் உனக்கு இருக்கும்."

கடைசிப் பதிலைக் கவனியுங்கள். "கண்டிப்பா எடுக்க மாட்டேன்" என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. காப்பாற்ற முடியாத வாக்கு அது. மீறினால் அந்தப் பெண் அடுத்த முறை வாயே திறக்க மாட்டாள். முதல் தடவையில் மறுப்புதான் வரும். கோபம் கூட வரலாம். விட்டுவிடாமல் ஒரு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். "ஒழுங்கா சாப்பிட்டா சரியாயிடும், இதுக்குப் போய் டாக்டரா?" என்பது வீட்டில் அடிக்கடி விழும் வசனம். சாப்பிட முடியாததுதான் நோயே.

எட்டாம் படி: சிகிச்சைக்குப் போகும்போது

ஒரே ஆளால் இதைச் சரிசெய்ய முடியாது. உடம்பைப் பார்க்க ஒரு மருத்துவர், மனதுக்கு உளவியல் நிபுணர் அல்லது மனநல மருத்துவர், சாப்பாட்டுக்கு உணவியல் நிபுணர் என்று மூவராவது வேண்டும்; அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவும் வேண்டும். ஜிம்மில் டயட் சார்ட் எழுதிக்கொடுப்பவர் இந்தக் கணக்கில் வர மாட்டார். அனோரெக்சியா உள்ள வளரிளம் பருவத்தினருக்குக் குடும்பத்தை மையமாக வைத்த சிகிச்சை முதல் தேர்வாக இருக்கிறது. சாப்பாட்டுப் பொறுப்பைக் கொஞ்ச காலத்துக்குப் பெற்றோரே எடுத்துக்கொண்டு, படிப்படியாகப் பிள்ளையிடம் திருப்பித் தருவார்கள். புலிமியாவுக்கு, எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசிப் பேசி மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை நன்றாக வேலை செய்கிறது.

பல நாள் பட்டினியில் மிகவும் மெலிந்துபோனவருக்குப் பாசத்தில் திடீரென்று நிறைய ஊட்டிவிடாதீர்கள். ரத்தத்தில் பாஸ்பேட் சட்டென்று இறங்கி இதயத்தையே பாதிக்கலாம். எப்படித் தொடங்குவது என்று மருத்துவர் சொல்லட்டும்.

மயக்கம் போட்டு விழுவது, நெஞ்சு படபடப்பு அல்லது வலி, வாந்தியில் ரத்தம், எழுந்து நிற்க முடியாத பலவீனம், சாக வேண்டும் என்ற பேச்சு. இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடிக்கடி வாந்தி எடுப்பவருக்கும் பேதி மாத்திரை எடுப்பவருக்கும் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பு தாறுமாறாகலாம். எடை சரியாக இருக்கிறது என்பதற்காக இதைத் தள்ளிப்போடக் கூடாது.

ஒன்பதாம் படி: மறுபடி மைதானத்துக்கு

எப்போது திரும்பலாம் என்பதை ஆசையும் அட்டவணையும் முடிவு செய்யக் கூடாது. ஒலிம்பிக் குழுவின் 2023 அறிக்கை பாதிப்பின் அளவைப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நான்கு நிறங்களாகப் பிரிக்கிறது. பச்சையில் வழக்கம்போல் எல்லாம் செய்யலாம். மஞ்சள், ஆரஞ்சு என்று போகப் போகக் கண்காணிப்பும் கட்டுப்பாடுகளும் கூடும். சிவப்பில் முதல் வேலை சிகிச்சைதான். நிறத்தைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். எத்தனை வேளை சாப்பிட வேண்டும், எத்தனை நாளுக்கு ஒருமுறை பரிசோதனை, எது நடந்தால் பயிற்சி நிறுத்தப்படும் என்பதை ஒரு தாளில் எழுதி வீரர், மருத்துவர், பயிற்சியாளர் மூவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்வது நல்ல வழக்கம். பின்னால் "அன்னிக்கு அப்படிச் சொல்லலையே" என்ற வாதம் வராது.

பழைய நிலைக்குச் சறுக்கும் வாய்ப்பு சில நேரங்களில் கூடும்: காயம்பட்டு உட்கார்ந்திருக்கும்போது, சீசன் முடியும்போது, அணி மாறும்போது, விளையாட்டையே விட்டு ஓய்வு பெறும்போது. கடைசியில் சொன்னதை யாரும் கண்டுகொள்வதே இல்லை. பயிற்சி நின்றுவிடும், உடம்பு மாறும், கவனிக்க ஆள் இருக்காது. அந்தச் சமயங்களுக்கு முன்கூட்டியே உளவியல் நிபுணரிடமும் உணவியல் நிபுணரிடமும் நேரம் வாங்கி வையுங்கள். நன்றாக இருக்கிறோம் என்று தோன்றினாலும் அந்த நேரத்தை ரத்து செய்யாமல் போய் வாருங்கள்.